அமுக்கினால் எழாத குழி

நான் ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து வேறு எங்கோ போய்விடுவேன். மறதியும் சேர்ந்துகொண்டது. காலையில் வைத்த சாவியை மத்தியானம் தேடுகிறவள் நாற்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதியை எழுத உட்கார்ந்தால் தப்பு இருக்கத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. காகிதம் நம்மைத் திரும்பிப் பார்க்காது, அதனால் எழுதுகிறேன்.

என் மூத்த மகள் பிறந்தபோது நடந்தது இது. எண்பதுகளில். எந்த வருஷம் என்று கேட்டால் தடுமாறுவேன். மழை இல்லாத வருஷம் என்பது மட்டும் நிச்சயம். ராகி முழங்கால் உயரம்கூட வராமல் கருகி நின்றதைத் தாண்டித்தான் எங்கள் ஊருக்குள் வர வேண்டும். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர்.

எனக்கு அம்மா இல்லை. கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது வழக்கம். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்ததால் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. என் மாமியார்தான் ஊர் கேட்கச் சொன்னார்:

"தாயில்லாப் புள்ள, எவ வூட்டுக்கு அனுப்பறது? நானே பாத்துக்கறன். ஒரு கொறை சொல்ல முடியாம எழுப்பி நிறுத்தறன் பாருங்க."

பார்த்துக்கொண்டார். அதில் நான் பொய் சொல்லக் கூடாது. குழந்தையின் துணி, என் துணி, எல்லாவற்றையும் அவரே அலசினார். முகம் சுளித்ததில்லை. ஆனால் எதையெல்லாம் எனக்குக் கொடுக்கக் கூடாதோ அதையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

பின்பக்கம் ராகி மூட்டை போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. அந்த வருஷம் மூட்டை இல்லாததால் அது காலியாகக் கிடந்தது. அதில்தான் என்னையும் குழந்தையையும் படுக்க வைத்தார்கள். குனிந்துதான் உள்ளே வர முடியும். ஒரு முழ அகலத்தில் ஒரு ஜன்னல். மூலையில் கணப்புச் சட்டி புகைந்துகொண்டே இருக்கும். காதில் பஞ்சு, வயிற்றைச் சுற்றிப் பழைய சேலையை இறுக்கிக் கட்டு. தீட்டுக் கழிந்த பிறகும் மாதம் ஆகாமல் வெளியே வரக் கூடாது.

பிள்ளை பெற்ற வயிறு பச்சைப்புண், அதில் தண்ணீர் பட்டால் ஆறாது என்பது மாமியாரின் கணக்கு. காலையில் சுக்கும் திப்பிலியும் இடித்த செலவு மருந்து ஓர் உருண்டை. மத்தியானம் பூண்டும் மிளகும் போட்ட குழம்பை ஊற்றிப் பிசைந்த சோறு, ஒரு கை. பருப்பு வாயு என்று கிடையாது. முட்டை குழந்தைக்கு மாந்தம் கொடுக்கும் என்று கிடையாது. பால் சளி, கடலை பித்தம், கறி செரிக்காது. சோற்றுக்குப் பிறகு, மருந்து ஊற்றுகிற சின்ன டம்ளரில் மிளகு போட்டுக் காய்ச்சின வெந்நீர். அவ்வளவுதான் தண்ணீர். இதெல்லாம் எனக்கென்று அவர் கண்டுபிடித்ததில்லை. எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் கிடந்து எழுந்தார்கள்.

பசியைப் பொறுத்துக்கொள்ளலாம். தாகத்தை முடியாது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் சத்தம் கேட்கும். எச்சில் விழுங்கலாம் என்றால் எச்சிலே ஊறாது. இதில் கொடுமை என்னவென்றால், அந்த ஜன்னலுக்கு நேரே தெருவில் அடிபைப்பு. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை கிரீச், கிரீச் என்று அடித்துக்கொண்டே இருப்பார்கள். முதலில் காற்று வரும், அப்புறம் இருமும், அப்புறம் குடத்தில் தண்ணீர் விழும். குடம் நிறையும்போது சத்தம் மாறும். படுத்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"மெதுவா அடிடீ, ஒங்கப்பன் வூட்டு பைப்பா?"

"எங்கப்பன் வூட்டுதா இருந்தா ஒனக்கு எதுக்கு உடறன்? தள்ளு, எங்கொடம் மொதல்ல."

இப்படிச் சிரிப்பார்கள். நானும் சில மாதங்களுக்கு முன்பு வரை அங்கே நின்றவள்தான். ஆனால் அந்தப் பக்கம் ஏதோ வேறு தேசம் போல ஆகிவிட்டது.

குழந்தை பிறந்து சில நாளிலேயே கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் பாதம், அப்புறம் கணுக்கால், அப்புறம் முழங்கால் வரைக்கும். மெட்டி சதைக்குள் புதைந்து போனது. காலையில் எழுந்தால் கண் இமை கனக்கும். மாமியார் கணப்புச் சட்டியைச் சரி செய்ய வந்தவர் என் காலைப் பார்த்தார். உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் வைத்தது போல. அது மெல்ல எழும்பும் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறிப் போயிற்று.

"தண்ணி குடிச்சியா?"

"இல்லீங்க அத்தை."

"இது எங்கிருந்து வந்த தண்ணி? மேல இருந்து பேஞ்சிதா?"

"நான் குடிக்கலீங்க அத்தை."

"அப்ப ஒங்காலு தனியா போயி குடிச்சிட்டு வந்திச்சா?"

குழி இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. அமுக்கினால் உள்ளே தண்ணீர் நகர்வது எனக்கே தெரிகிறது. சத்தமாகப் பேசத் தெரிந்தவளாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தலையைக் குனிந்தவள் திருடியவள்தானே.

அன்றிலிருந்து தினம் காலையில் கட்டைவிரல் வந்துவிடும். குழி ஆழமாக ஆக, வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

முதலில் வெந்நீர் பாதியானது. சமையல் அறையில் இருந்த தண்ணீர்ப் பானையை உறியில் தூக்கி வைத்து, மூடி மேல் ஒரு வைக்கோலைப் போட்டு வைத்தார். யாராவது மூடியைத் தொட்டால் வைக்கோல் நகர்ந்துவிடும். வைக்கோல் நகரவில்லை. ஆனால் கால் இன்னும் வீங்கியது. அப்படியானால் பைப்படியிலிருந்து எவளோ ஜன்னல் வழியாகக் கொடுக்கிறாள் என்று சாக்கை மடித்து ஜன்னலில் திணித்தார். வெளிச்சம் போயிற்று, பைப்புச் சத்தம் மட்டும் போகவில்லை. அப்போதும் வீக்கம் குறையாததால் குளிக்கும்போது குடிக்கிறேன் என்று சந்தேகம் வந்தது. அதற்கப்புறம் தலைக்கு ஊற்றும்போது ஒரு கையால் ஊற்றி, இன்னொரு கையால் என் தாடையை மூடிப் பிடித்துக்கொள்வார். உதட்டின் மேல் தண்ணீர் வழிந்து போகும். அந்த ஈரத்தை நக்கக்கூட எனக்குப் பயம்.

என் வீட்டுக்காரர் பொம்மிடி ஸ்டேஷனில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்தார். வாரத்துக்கு ஒருமுறை வருவார். அறைக்குள் வர மாட்டார், வரவும் விட மாட்டார்கள். நிலைப்படிக்கு வெளியே நின்று பேசுவார்.

"அம்மா சொல்றத கேளு. குடிக்காத."

"நான் குடிக்கறதில்லீங்க."

"சரி, குடிக்காத."

"குடிக்கவே இல்லைங்கறன்."

"அதான் சொல்றன், குடிக்காத இரு. நல்லதுக்குத்தான சொல்றாங்க?"

அவர் நல்ல மனுஷர். ஆனால் தாய் சொல் ஒரு காதில் விழுந்துவிட்டால் மற்ற காது தானாக மூடிக்கொள்ளும்.

அப்புறம் எனக்கே ஒரு பயம் வந்தது. நான்தான் குடிக்கிறேனோ? தூக்கத்தில் எழுந்து, உறிப் பானையை இறக்கி, குடித்துவிட்டு, வைக்கோலைத் திரும்ப வைத்துவிட்டு வந்து படுக்கிறேனோ? காலையில் கண் விழித்ததும் சேலை ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். உள்ளங்காலில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். உடம்பு முழுக்கத் தண்ணீர் நிற்கிறது, வாய்க்கு ஒரு சொட்டு இல்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். எல்லாரும் சேர்ந்து ஒன்றைப் பொய் என்றால், அது நம் வாயாகத்தான் இருக்கும் போல என்று தோன்றிவிட்டது.

குழந்தைக்குப் பால் பற்றவில்லை. சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு மார்பை விட்டுவிட்டு அழும். அழுகை நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது.

ஒரு நாள் பொழுது உச்சிக்கு வந்த நேரம், சுகாதார நிலையத்திலிருந்து நர்சம்மா வந்தார். குடையை மடக்கிக்கொண்டு, தோள் பையோடு, புதுக் குழந்தைகளைப் பார்க்க ஊர் ஊராக வருகிறவர். மாமியார் குழந்தையை மட்டும் வெளியே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். தராசில் துணி கட்டித் தொங்க விட்டு எடை பார்த்தார்கள் போலிருக்கிறது. வெளியே பேச்சு கேட்டது.

"என்னம்மா இது, கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு? பெத்தவ எங்கே?"

"தூங்கறா."

"தூங்கினா என்ன? தூங்கற மூஞ்சியப் பாத்துட்டுப் போறேன்."

மாமியார் தடுப்பதற்குள் அவர் குனிந்து உள்ளே வந்துவிட்டார். ஜன்னலில் இருந்த சாக்கை உருவிக் கீழே போட்டார். திடீரென்று வந்த வெளிச்சத்தில் என் கண் கூசியது. தாடையைப் பிடித்துத் திருப்பி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, இது கண்ணா, சுண்ணாம்பு அடிச்ச செவரா? ரத்தமே இல்லையே! நாளைக்கு இவ ஆஸ்பத்திரியில இருக்கணும்."

"மாசம் ஆவாம வாசப்படி தாண்டக் கூடாதுங்க."

"மாசம் ஆகறதுக்கு ஆள் இருக்கணுமில்ல?"

மாமியார் கீழே கிடந்த சாக்கை எடுத்து மடித்தார். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் நர்சம்மா போன பிறகு, அப்போது ஊருக்கு வந்திருந்த என் வீட்டுக்காரரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"போலாண்டா. டாக்டரம்மா வாயாலயே கேக்கட்டும். தண்ணி குடிச்சா சாவன்னு அவங்க சொன்னாவாச்சும் இவ அடங்குவா. எஞ்சொல்லுதான் ஏற மாட்டங்குது."

ஆக, என்னைக் காப்பாற்ற இல்லை, என் மேல் சாட்சி சொல்ல வைக்கத்தான் அழைத்துப் போகிறார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார்கள். காதில் பஞ்சு, தலையில் முக்காடு. செருப்புக்குள் பாதம் நுழையவில்லை, வெறுங்காலோடு போனேன். வழியில் ஒரு கடையில் யாரோ ஆள் நின்றபடி சொம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தான், பாதி தண்ணீர் சட்டையில் வழிந்தது. பஸ் அந்த இடத்தைத் தாண்டின பிறகும் என் கண் அங்கேயே நின்றது. மாமியார் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். வேறு ஜில்லாக்காரர், இளவயது, ஒல்லி. பிரஷர் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு என் சேலையை முழங்கால் வரை தூக்கி, தினமும் மாமியார் அமுக்குகிற அதே இடத்தில் தன் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். குழி விழுந்தது.

மாமியாருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"பாத்தீங்களாம்மா? இதத்தான் நான் தெனம் சொல்றன். திருட்டுத் தண்ணிங்க. எப்படிக் குடிக்கறான்னே தெரியல. பானை மேல வைக்கோல் போட்டுப் பாத்தன், சன்னலை அடைச்சிப் பாத்தன். நீங்களே ஒரு அதட்டு அதட்டி வுடுங்க."

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அதட்டவில்லை. ஒரு சீசாவைக் கொடுத்து என்னைச் சிறுநீர் பிடித்து வரச் சொன்னார். எனக்கு உயிர் போயிற்று. அந்தச் சீசாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தால், மாமியார் அதை வாங்கி எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்து, "கொஞ்சந்தான் வந்திருக்கு, போதுங்களா?" என்று கேட்டார்.

கண்ணாடிக் குழாயில் அதை ஊற்றி, ஸ்பிரிட் விளக்கின் மேல் காட்டிச் சுட வைத்தார்கள். மாமியார் கிட்டப் போய் நின்று பார்த்தார். கொதித்தது. தெளிவாகவே இருந்தது.

"இதுல சத்து போயிருந்தா, சூடு பட்டதும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெள்ளையாத் திரியும்" என்றார் டாக்டரம்மா. "திரியலை. அப்ப சிறுநீர் வழியா ஒழுகலை. பிரஷரும் இல்லை. இதயமும் நல்லா இருக்கு. பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சா?"

"போச்சிங்க."

"என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?"

மாமியார் பெருமையோடு சொன்னார். எதையெல்லாம் கொடுப்பதில்லை என்பதைத்தான் முக்கால்வாசி நேரம் சொன்னார். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே, தன் முன்கையைத் திருப்பி நீல நரம்பைக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா. இந்த ரத்தக் குழாய் எல்லாம் போகப் போகப் பிரிஞ்சு பிரிஞ்சு, கடைசியில தலைமுடியை விட மெல்லிசா ஆயிடும். அந்த இடத்துலதான் ரத்தம் உடம்போட கொடுக்கல் வாங்கல் வச்சுக்கும். அந்தக் குழாய்ச் சுவர்ல கண்ணுக்குத் தெரியாத இடுக்கு இருக்கு. அது வழியா காத்து, சத்து, தண்ணி எல்லாம் சதைக்குப் போகும். சதையில இருக்கற கழிவு ரத்தத்துக்குள்ள வரும். வெளிய போன தண்ணியும் பெரும்பாலும் உள்ள திரும்பிடணும்."

"போன தண்ணி எப்பிடிம்மா திரும்பும்? தண்ணிக்கு வூட்டு வழி தெரியுமா?"

"நல்ல கேள்வி. ரத்தத்துல வெள்ளைக்கரு மாதிரி ஒரு சத்து இருக்கு. அந்த இடுக்குல நுழைய முடியாத அளவு பெருசு. அதனால உள்ளயே உக்காந்துக்கிட்டு தண்ணியைத் தன் பக்கம் இழுக்கும். இழுக்க முடியாம மிஞ்சறதை வேற குழாய்ங்க பொறுக்கிக்கிட்டுப் போகும். இவளுக்கு அந்தச் சத்தே இல்லை. இழுக்கறதுக்கு ஆள் இல்லாததால, போன தண்ணி சதையிலயே தேங்கிடுச்சு. அதான் வீக்கம். ஆனா ரத்தத்துக்குள்ள தண்ணி பத்தலை. அதான் தாகம்."

நான் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வீக்கமும் மெய், தாகமும் மெய். ஒரே உடம்பில் ஒரே நேரத்தில். இதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்று நினைத்ததும் எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்தத் தண்ணீர் மட்டும் எங்கிருந்து வந்ததோ.

மாமியார் என் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அப்ப மாவு பத்தல."

"என்ன மாவும்மா?"

"களி கிண்டறப்ப மாவு கொறைஞ்சா தண்ணி மாவுல நிக்காதுங்க. ஓரத்துல தனியா ஒதுங்கி நிக்கும். தண்ணி சாஸ்தியாயிடுச்சின்னு நெனச்சி தண்ணிய மொண்டு கீழ ஊத்துவா தெரியாதவ. மாவு போட்டா தண்ணிய அதுவே இழுத்துக்கும்."

"நான் களி கிண்டினதில்லையே" என்றார் டாக்டரம்மா.

"அதான் இப்பிடி இருக்கீங்க, எலும்பும் தோலுமா."

பக்கத்துக் கட்டில்காரிகள் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் காலையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப... இவ குடிக்கலயா?"

"குடிச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். ஏம்மா, நாக்கை நீட்டு."

எனக்கு வெட்கமாக இருந்தது. பெரியவர்கள் முன்னால் நாக்கை எப்படி நீட்டுவது? "நீட்டும்மா" என்று மறுபடியும் சொன்ன பிறகு கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன்.

"இங்க வந்து பாருங்க. இது தண்ணி குடிச்ச நாக்கா?"

மாமியார் குனிந்து பார்த்தார். அவருடைய மூச்சு என் முகத்தில் பட்டது. வெடித்த வயல் போல இருந்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. அத்தனை நாளும் அவர் என் காலைத்தான் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததே இல்லை.

தாகத்துக்கு வேண்டிய தண்ணீர், உப்பு குறைவு, தினம் முட்டை, பருப்பு, பால், கடலை, ரத்தம் ஊறக் கறுப்பு மாத்திரை, ஊசி என்று சொல்லிவிட்டு, வார்டில் சேர்த்துவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மாமியார் வெளியே போனார். வெகு நேரம் வரவில்லை. கோபித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டாரோ என்று பயந்தேன். குழந்தை மடியில் தூங்கிவிட்டது.

அவர் வந்தபோது கையில் சொம்பு இருந்தது. நிறையத் தண்ணீர். கொண்டு வந்து நீட்டவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

"எங்கக்கா இப்பிடித்தான் ஊதுனா. புள்ள பெத்து. தண்ணி தண்ணின்னு கெஞ்சனா. எங்காத்தா குடுக்கல. நான் அப்ப பாவாட கட்டற வயசு. ஆத்தா காட்டுக்குப் போன நேரமா பாத்து ஒரு சொம்பு கொண்டாந்து குடுத்தன். ஒரே மடக்கா குடிச்சிட்டு எங்கன்னத்தத் தடவுனா. மறாநாளு செத்துட்டா."

குரலை இன்னும் இறக்கிச் சொன்னார்:

"இது வரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. நாந்தான் கொன்னன்னு நெனச்சிக்கிட்டே இருந்தன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம்தான் இருந்தது. மாமியார் பயந்து நான் பார்த்ததே இல்லை. சொம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். படித்தவர் சொல்லிவிட்டார், தனக்கும் விளங்கிவிட்டது, ஆனாலும் ஊதிப்போன ஒருத்திக்கு இன்னொரு முறை சொம்பைக் கொடுக்க அந்தக் கையால் முடியவில்லை. எனக்கு அது புரிந்தது. கணப்புச் சட்டியும் சாக்கும் வைக்கோலும் என்னை அடைப்பதற்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. எனக்கு முன்னாலேயே, அக்கா செத்த அன்றே, அவர் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டவர்.

நான் கையை நீட்டி நானே சொம்பை வாங்கிக்கொண்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் கையிலிருந்து எதையும் நானாக எடுத்ததில்லை. அவர் விட மாட்டேன் என்று ஒரு நொடி பிடித்தார், பிறகு விட்டார்.

"மெதுவாடி. மெதுவா குடி."

குடித்தேன். முதல் வாய் எரிந்தது. அப்புறம் அது போகிற இடமெல்லாம் தெரிந்தது, தொண்டை, நெஞ்சு, வயிறு என்று. முடிக்கிற வரைக்கும் அவர் என் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் சோறு வாங்கப் போகச் சொன்னபோதும் எழவில்லை. மறுநாள் காலை நான் கண் விழித்துக் குழந்தையை எடுத்த பிறகுதான் அந்தப் பிடி விட்டது.

அப்புறம் அவர் வேறு ஆளாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அதே மாமியார்தான். முட்டையை அவித்து உரித்து வாயில் திணிப்பார், வேண்டாம் என்றால் திட்டுவார். "கெழவி, எங்களுக்கும் ஒண்ணு போடு, முட்டை ஏவாரமா பண்ற?" என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்டால், "ஒம்மாமியாளை வரச் சொல்லுடீ" என்பார். காலையில் கட்டைவிரல் மட்டும் நிற்கவில்லை. அதே இடத்தில் அமுக்குவார். ஆனால் இப்போது கேள்வி இல்லை. "மாவு சேருது, சேருது" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வார். சில நாளில் சிறுநீர் நிறையப் போக ஆரம்பித்தது. கால் மெல்ல மெல்ல வடிந்தது. பால் ஊறியது. குழந்தையின் அழுகை திரும்பப் பெரிதானது. வார்டே திட்டுகிற அளவுக்குக் கத்தினாள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

என்னிடம் மன்னிப்பு என்று எதையும் அவர் கேட்கவில்லை. "நீ குடிக்கலன்னு சொன்ன, நான் நம்பல" என்று ஒரு நாள் வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்ததா என்றால், அன்று போதவில்லை. இப்போது போதும் போல இருக்கிறது.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புகிற அன்று அவர் டாக்டரம்மாவைத் தேடிப் போனார். நானும் பின்னால் நின்றேன். அக்கா கதையைச் சொல்லிவிட்டு, "அந்தச் சொம்புத் தண்ணியாலதான் செத்தாளாம்மா?" என்று கேட்டார். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "நான் அவங்களைப் பாக்கலையேம்மா. காய்ச்சல் இருந்துச்சா, வலிப்பு வந்துச்சா, பிரஷர் எவ்வளவுன்னு எதுவும் தெரியாம எப்படிச் சொல்ல முடியும்? தண்ணியாலன்னு எனக்குத் தோணலை. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது" என்றார். பொய்யாகவாவது இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அப்போது கோபம் வந்தது. மாமியார் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகும் வயதான காலத்தில், நினைவு தப்ப ஆரம்பித்த பிறகுகூட, என்னைப் பார்த்து, "அவங்க இல்லைன்னு சொன்னாங்க இல்ல?" என்று கேட்பார். "ஆமாங்க அத்தை, இல்லைன்னு சொன்னாங்க" என்பேன். கேட்டுவிட்டுத் தூங்குவார்.

இதில் ரத்தத்தைப் பற்றி நான் எழுதியிருப்பதெல்லாம் அன்று காதில் விழுந்து, மனசில் கிடந்து, களி மாவோடு கலந்து போனவை. எது டாக்டரம்மா சொன்னது, எது மாமியார் சேர்த்தது, எது நானாக நினைத்துக்கொண்டது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. படித்தவர்கள் யாராவது பார்த்து, தப்பாக இருந்தால் திருத்துங்கள். கூடவே இன்னொன்றையும் பாருங்கள். கால் வீங்கிக் கிடந்த ஒருத்தி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்ததால் மறுநாளே செத்துப் போவாளா? எத்தனையோ தடவை ஆமாங்க அத்தை என்று சொல்லிவிட்டேன். அது மெய்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.